நாலு பேருக்கு முன்னால் நடுத்தெருவில் ஷாம்பு!

செருப்பைக் கழற்றி ஓரமாக விடுங்கள். சத்தம் போடாமல் பின்னாலேயே வாருங்கள். முன்வாசலில் பளபளக்கும் பெயர்ப்பலகை, நிறுவனர் கைகட்டிச் சிரிக்கும் பெரிய படம், கண்ணாடி அலமாரி நிறைய கேடயங்கள்... அதெல்லாம் ஊரே பார்த்ததுதான். நாம் போகப்போவது பின்வாசல் வழியாக! இன்றைக்குக் கோடிகளில் புரளும் தொழில்கள், ஆயிரங்களில் தள்ளாடிக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே என்னென்ன கூத்து நடந்தது என்று எட்டிப் பார்க்கத்தான் இந்த உலா.

தொழிலில் ஜெயிக்க என்ன குணம் வேண்டும் என்று மேடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி, தொலைநோக்கு. தப்பே இல்லை. ஆனால் இந்த நான்கும் நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் இருக்கின்றன. பின்வாசலில் நின்றால்தான், மேடையில் யாரும் பேசாத ஒரு சங்கதி கண்ணில் படுகிறது. நம்மையெல்லாம் ஆட்டிப்படைக்கும் அந்த ‘நாலு பேர்’ இருக்கிறார்களே! கடன் வாங்கிக் கல்யாணம் செய்ய வைப்பவர்கள், பிடிக்காத படிப்பில் பிள்ளையைச் சேர்க்க வைப்பவர்கள், “நாலு பேர் என்ன சொல்வாங்க?” என்ற ஒரே கேள்வியில் குடும்பத்தையே உட்கார வைப்பவர்கள். அந்த நாலு பேரை இந்தத் தொழிலதிபர்கள் பார்த்த பார்வையே வேறு. என்ன பார்வை என்பதை இப்போதே போட்டு உடைக்க மாட்டேன். முதலில் கதவைத் தட்டுவோம்.

முதல் கதவு: கடலூர், மாத வாடகை 250 ரூபாய்

வருடம் 1983. கடலூரில் ஓர் அறை. குடிவந்திருக்கும் இளைஞர் சி.கே.ரங்கநாதன். கையிருப்பு 15,000 ரூபாய். இத்தனைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளை! அப்பா சின்னி கிருஷ்ணன், கூலி வேலைக்குப் போகிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும்கூட வாங்கும்படி எதையும் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர். ஷாம்பு என்றாலே பாட்டில்தான் என்றிருந்த காலத்தில் பாக்கெட் ஷாம்புவுக்கு வழி போட்டவர். அவர் காலமான பிறகு அண்ணன்மார் ‘வெல்வெட்’ ஷாம்புவை ஓஹோவென்று நடத்திக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கும் அவர்களுக்கும் யோசனை ஒத்துப்போகவில்லை. சொத்தில் பங்கு கேட்காமல், சேமிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தம்பி வெளியே வந்துவிட்டார்.

இவர் படிப்பில் சுமார்தான். உடன்பிறந்தவர்கள் டாக்டர், வக்கீல் என்று போக, இவர் சின்ன வயதில் நூற்றுக்கணக்கில் புறா வளர்த்தார். மீன், பறவை என்று வீட்டின் பின்பக்கமே ஒரு குட்டிச் சரணாலயம்! அவற்றை வாங்கி விற்றுத்தான் பாக்கெட் மணி. நாலு பேர் அப்போதே என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தொழிற்சாலையைப் பார்க்கலாம். அது தனி இடம், வாடகை 300 ரூபாய். பாக்கெட் போடும் இயந்திரம் 3,000 ரூபாய். தயாரிப்பு, அண்ணன்மார் விற்கும் அதே சரக்கு! அப்பாவின் பெயரைச் சுருக்கி ‘சிக்’ என்று ஷாம்புவுக்குப் பெயர் வைத்தாயிற்று. ஆனால் யாரிடம் விற்பது? கிராமத்தில் அன்றைக்குச் சீயக்காயும் அரப்பும் சோப்பும்தான். ஷாம்பு என்றால் சினிமாக்காரர்கள் போடுவது என்ற எண்ணம்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ரங்கநாதனின் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். கூட்டத்தைக் கூட்டினார்கள். ஒரு பையனை நடுவில் நிறுத்தி, ஷாம்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். நடுத்தெருவில்! சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களைக் கூப்பிட்டு, “தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க” என்று அந்தத் தலையை நீட்டினார்கள். ரஜினி படம் திரையிட்டு, நடுவில் விளம்பரம் போட்டு, படம் பார்க்க வந்தவர்களுக்கு இலவசப் பாக்கெட்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை இந்தக் கச்சேரி முடியும்போதும் அந்த வட்டாரத்தில் விற்பனை மூன்று நான்கு மடங்கு எகிறியது.

அதைவிடக் குறும்பு ஒன்று உண்டு. எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம்! போட்டிக்காரர் விற்ற பாக்கெட்டே இவருக்கு விளம்பரச் சீட்டாக மாறிவிட்டது. மக்கள் பழகிய பிறகு விதியைச் சத்தமில்லாமல் மாற்றினார். இனி ஐந்தும் சிக் பாக்கெட்டாக இருக்க வேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போயிற்று. மல்லிகை வாசம், ரோஜா வாசம் என்று கொண்டுவந்ததும் 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் கூந்தலை ஆட்டியதும் ஒரு கோடி!

அந்த அறையில் தொடங்கியதுதான் இன்றைய கெவின்கேர். கொஞ்சம் நின்று அந்தத் தெருக் கூட்டத்தை மட்டும் மறுபடி பாருங்கள். ‘என்ன கூத்து இது’ என்று வாயைப் பொத்திச் சிரித்த கூட்டமும், மறுநாள் பெட்டிக்கடையில் பாக்கெட் கேட்ட கூட்டமும் வேறு வேறா? இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதவுக்கு வாருங்கள்.

இரண்டாம் கதவு: கோவை பாப்பநாயக்கன்புதூர். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்!

இங்கே கொஞ்சம் ரத்த வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம், ஆட்டு ரத்தம்தான்!

அருணாசலம் முருகானந்தம். கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அப்பா விபத்தில் இறந்துவிட, பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, பிறகு வெல்டிங் பட்டறையில் வேலை. 1998-இல் சாந்தியோடு கல்யாணம். ஒருநாள் மனைவி எதையோ மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்து விசாரித்தால், மாதவிலக்குக்கான பழந்துணி. கடையில் நாப்கின் வாங்கினால் வீட்டில் பால் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது சாந்தியின் கணக்கு. இவர் ஒரு நாப்கினை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ இருக்கிறது. பத்துப் பைசா பஞ்சை நாலு ரூபாய்க்கா விற்கிறார்கள்? வெல்டருக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது!

பஞ்சில் தானே ஒன்று செய்து மனைவியிடம் கொடுத்து, ‘எப்படி இருக்கிறது, இப்போதே சொல்’ என்று கேட்டார். அதற்கெல்லாம் மாதம் ஒருமுறைதான் நேரம் வரும் என்பதே அப்போதுதான் ஆளுக்குத் தெரிந்தது! ஒரு கருத்துக்கு ஒரு மாதம் காத்திருந்தால் கிழவனாகிவிடுவோமே? தங்கைகளிடம் கேட்டார், முடியாது என்றார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் போனார், அவர்களுக்கும் கூச்சம். கடைசியில் ஒரே ஆள் மிச்சம். அவரேதான்!

ஃபுட்பால் பிளாடர் ஒன்றை எடுத்தார். கறிக்கடை நண்பரிடம் ஆட்டு ரத்தம் வாங்கி அதில் நிரப்பி, ஒரு குழாயும் பொருத்தி, உடைக்குள் கட்டிக்கொண்டார். நடந்தார், ஓடினார், சைக்கிள் மிதித்தார். அவ்வப்போது பிளாடரை அழுத்தித் தன்னுடைய நாப்கின் உறிஞ்சுகிறதா என்று சோதித்தார். உறிஞ்சவில்லை. வேட்டி எல்லாம் கறை. பொதுக்கிணற்றடியில் அவர் துணி துவைப்பதைப் பார்த்த ஊர், ஆளுக்கு ஏதோ கெட்ட நோய் என்று முடிவுகட்டியது. மாணவிகள் பயன்படுத்திய நாப்கின்களை வாங்கிவந்து வீட்டுப் பின்கட்டில் பரப்பி ஆராய்ந்தபோது, பார்த்த அம்மா மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாந்தி அதற்கு முன்பே பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். பேய் பிடித்திருக்கிறது, மரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்தபோது இவரே ஊரைவிட்டு வெளியேறினார்.

ஆனால் சோதனை நிற்கவில்லை! பெரிய கம்பெனிகள் என்ன பஞ்சு போடுகின்றன என்ற ரகசியம் தெரிய வேண்டும். ஆங்கிலம் வராது. ஒரு பேராசிரியரின் உதவியோடு கடிதம் போட்டு, டெலிபோனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து, அமெரிக்கக் கம்பெனிகளிடம் தான் ஒரு கோயம்புத்தூர் மில் முதலாளி என்று அளந்துவிட்டார். சில வாரம் கழித்துத் தபாலில் கெட்டியான அட்டைகள் வந்து இறங்கின. அட, பஞ்சே இல்லை! மரப்பட்டையிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ்! அந்தச் சூட்சுமத்தைப் பிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை உடைத்து நாப்கினாக்கும் வெளிநாட்டு இயந்திரத்தின் விலை கோடிகளில். இவர் வருடக்கணக்கில் தட்டிக்கொட்டி, கிராமத்துப் பெண்களே ஓட்டக்கூடிய சின்ன இயந்திரத்தை 65,000 ரூபாய் அளவுக்குக் கொண்டுவந்தார். 2006-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பரிசு. தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த சாந்தியிடமிருந்து பல வருடங்களுக்குப் பிறகு போன்! 2014-இல் ‘டைம்’ பத்திரிகையின் செல்வாக்குள்ள நூறு பேர் பட்டியலில் இடம். 2016-இல் பத்மஸ்ரீ. 2018-இல் அக்‌ஷய் குமார் நடித்து, இவர் கதையைச் சொன்ன ‘பேட் மேன்’ படம்.

இங்கேயும் கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். அந்த இயந்திரங்களை வாங்கியவர்கள் யார்? மகளிர் சுய உதவிக் குழுக்கள். எந்தப் பெண்கள் இவரைப் பார்த்துக் கூச்சத்தில் ஓடினார்களோ, அவர்களைப் போன்ற பெண்களேதான் பிறகு முதலாளிகளாகவும் வாடிக்கையாளர்களாகவும் வந்து நின்றார்கள்.

மூன்றாம் கதவு: ராயபுரம், 250 சதுர அடி

இது குட்டி இடம், ஒவ்வொருவராக உள்ளே வாருங்கள். குளிரும்!

1970. சிவகாசிப் பக்கத்துத் திருத்தங்கலைச் சேர்ந்த ஆர்.ஜி.சந்திரமோகன், கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்டுப் படிப்பை நிறுத்தியவர். வயது 21. குடும்பச் சொத்தை விற்ற 13,000 ரூபாய் முதல். சென்னை ராயபுரத்தில் 250 சதுர அடி இடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு குச்சி ஐஸ் போட்டுத் தள்ளுவண்டியில் அனுப்பினார். சொத்தை விற்றுக் குச்சி ஐஸ் வியாபாரமா! நாலு பேருக்கு அன்றைக்கு நல்ல தீனி.

சென்னையில் அப்போது தாசப்பிரகாஷ், குவாலிட்டி, ஜாய் என்று ஐஸ்கிரீம் ராஜாக்கள் கோலோச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு மல்லுக்கட்டாமல் கல்லூரி விடுதி, கேன்டீன், துறைமுகத்துக்கு வரும் கப்பல் என்று அவர்கள் எட்டிப் பார்க்காத சந்துகளில் புகுந்தார். பிறகு சென்னையை விட்டுவிட்டு வெளியூர்களில் கடை திறந்தார். பெரிய கம்பெனிகள் ‘அங்கே யார் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள்’ என்று விட்டுவைத்த ஊர்கள் அவை. அவருடைய அருண் ஐஸ்கிரீம்ஸ் என்ற பெயரைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியவர்கள் அந்த வெளியூர்க்காரர்கள்தான். கணக்கில் தோற்ற அந்தப் பையன் வளர்த்த ஹட்சன் இன்று நாட்டின் பெரிய தனியார் பால் நிறுவனங்களில் ஒன்று.

நான்காம் கதவு: ஹோட்டலும் ரயிலும்

இப்போது காலத்தில் இன்னும் பின்னால் போகிறோம். நாலு பேரை வேறு மாதிரிப் பார்க்கும் இந்தக் குணம் புதுசா, பழசா என்று ஒரு சந்தேகம் வருமே, அதற்காக.

1893-இல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, பள்ளிப் படிப்பில் நாட்டமே இல்லாத விவசாயி வீட்டுப் பிள்ளை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அவ்வளவுதான், தூக்கம் போயிற்று! நிலபுலம் உள்ள வீட்டுப் பையன் கோயம்புத்தூருக்கு வந்து ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். பந்தியில் இலைக்கு முன்னால் சொந்தக்காரன் வந்து உட்கார்ந்தால் என்ன ஆவது என்ற கவலையே இல்லை. வருடக்கணக்கில் காசு சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக ஓட்டியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அக்கக்காகப் பிரித்துப் போட்டார்! பிறகு மாட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ். அது பெரிய பஸ் கம்பெனியாயிற்று. 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரிப்பதில் முன்னோடி. ‘அதிசய மனிதர்’ என்று ஊர் அவரைக் கொண்டாடியது. அதிசயத்தின் பின்வாசலில் தோளில் துண்டோடு ஒரு சர்வர் நின்றிருந்தார்.

அப்படியே தெற்கே சிவகாசிக்கு. மழை பொய்த்தால் வயிறு காயும் பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவுக்கார இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள! பாஷை தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கி, கற்றுக்குட்டிகளாக நின்று தொழில் பழகித் திரும்பினார்கள். வெயிலும் வறட்சியும் சாபமாக இருந்த ஊரில், தீக்குச்சி காய அதைவிடத் தோதான வானம் உண்டா? தீப்பெட்டி வந்தது. அதன் மேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டதால் அச்சகம் வந்தது. பட்டாசு வந்தது. இன்றைக்கும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளுக்குச் சிவகாசியில் பூஜை போடுகிறார்களே, அந்தக் கொண்டாட்டத்தின் வேர், இரண்டு பேர் கூச்சப்படாமல் மாணவர்களாகப் போனதில் இருக்கிறது.

இப்போது ரகசியத்தை உடைத்துவிடலாம்!

இவர்களுக்கு வெட்கமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் இருந்திருக்கும். நாம் அந்த நாலு பேரைத் தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்தாகப் பார்க்கிறோம். இவர்கள் அதே நாலு பேரை முதல் வாடிக்கையாளர்களாகப் பார்த்தார்கள். அவ்வளவுதான் விஷயம்! பஞ்சாயத்தாகப் பார்த்தால், வீட்டைவிட்டு இறங்கவே கால் வராது. வாடிக்கையாளராகப் பார்த்தாலோ அவர்களுடைய சிரிப்பு, கேலி, முகச்சுளிப்பு ஒவ்வொன்றும் இலவசத் தகவல். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள், எந்த வாசனைக்கு முகம் மலர்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான். மல்லிகை வாசம் அப்படித்தான் பாக்கெட்டுக்குள் வந்திருக்கும். அறைக்குள் உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறவருக்கு இந்தத் தகவல் கிடைக்காது. தெருவில் நின்று அசடு வழிந்தவருக்கே கிடைக்கும்.

கூடவே இன்னொன்று. அசடு வழிந்தார்களே தவிர, கணக்கில் அசடு இல்லை. சோதனையை எவ்வளவு மலிவாக வைத்துக்கொண்டார்கள் பாருங்கள்! 3,000 ரூபாய் இயந்திரம், ஒரு ஃபுட்பால் பிளாடர், ஒரு தள்ளுவண்டி, ஒற்றை பஸ். தோற்றால் மானம் போகும், ஆனால் மறுநாள் எழுந்து நடக்க முடியும். ரங்கநாதனின் வங்கிக் கதையே போதும். அடமானம் வைக்க எதுவும் இல்லாததால் மூன்று வருடம் எந்த வங்கியும் கடன் தரவில்லை. கடைசியில் ஒரு மேலாளர், 25,000 ரூபாய்க் கடன் மனுவை மேலிடத்துக்கு அனுப்பும்போது, ‘இவரிடம் ஈடு எதுவும் இல்லை, ஆனால் இந்தச் சின்ன வியாபாரத்தில் ஒழுங்காக வருமான வரி கட்டுகிறார்’ என்று குறிப்பு எழுதினார். கடன் கிடைத்தது! ஊருக்கு முன்னால் கோமாளி, கணக்கு நோட்டில் கறார். இந்த இரட்டை வேஷம்தான் பின்வாசலில் நான் கண்ட சூத்திரம்.

உலா முடியும் முன் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நாம் தட்டிய கதவுகள் எல்லாம் ஜெயித்தவர்களுடையவை. இதே துணிச்சலோடு இறங்கி, முதலைத் தொலைத்து, ஊரைவிட்டுப் போனவர்களின் கதவில் பெயர்ப்பலகையே இருக்காது, நமக்கு வழியும் தெரியாது. தவிர, இந்த வெட்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள் மட்டும் அல்ல. முருகானந்தம் பிளாடரோடு சைக்கிளில் போன ஒவ்வொரு நாளும், தெருவில் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் சாந்தி. நகையோ நிலமோ விற்றுக் கொடுத்த வீடுகளில் யார் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தார்கள் என்பது எந்த ஆண்டறிக்கையிலும் வராது. நாலு பேரை வாடிக்கையாளராகப் பார்க்கக் கற்றவர், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறங்குவது நல்லது.

சரி, செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனதிலும் ஒரு யோசனை வருடக்கணக்காகப் புரண்டுகொண்டிருக்கிறதா? நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று உள்ளே உட்கார்ந்து கற்பனை செய்து என்ன பயன்? சின்னதாக ஒன்றைச் செய்து, கையில் எடுத்துக்கொண்டு, அந்த நாலு பேரிடமே நேராகப் போய் நீட்டுங்கள். மூன்று பேர் சிரிக்கட்டும். நாலாவது ஆள் “எவ்வளவு?” என்று கேட்டுவிட்டால், கடை திறந்தாயிற்று!